கேறும் கோழியெல்லாம் முட்டைக்காகத்தானா?

பத்து நொடி ஒலிப்பதிவைக் கைப்பேசியில் ஓடவிட்டு, “இந்தக் கோழி என்ன சொல்லுது?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் அக்கறையில் குறையே இல்லை. ஆனால் அந்தப் பத்து நொடியை மட்டும் வைத்துக்கொண்டு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. எந்தக் கோழி, எங்கே நின்றது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, பக்கத்திலிருந்த மற்றவை என்ன செய்தன, சத்தம் எப்போது தொடங்கி எப்போது அடங்கியது? இவ்வளவும் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் அது விலாசம் கிழிந்த கடிதம் மாதிரி. எழுத்து தெரியும், யாருக்கு எதற்காக என்பது தெரியாது.

சத்தங்களைக் கணக்கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1953-ல் நிக்கோலஸ் காலியாசும் மார்ட்டின் ஜூஸும் கோழியின் ஒலிகளை வரைபடமாக்கிப் படித்தார்கள். 1987-ல் காலியாஸ், வீட்டுக்கோழிக்கு மூதாதையான செங்காட்டுக்கோழியின் ஒலிகளையும் வகைபிரித்தார். பிரிப்பவரைப் பொறுத்து எண்ணிக்கை 24, 30 என்று மாறும். இந்தச் சத்தங்களைக் கோழி யாரிடமும் கற்றுக்கொள்வதில்லை. கேட்கும் திறன் நீக்கப்பட்ட கோழிகளும் இயல்பான சத்தங்களையே எழுப்பின என்று 1963-ல் மசகாசு கொனிஷி காட்டினார். கிளியும் மைனாவும் கேட்டுப் பழகுகிற இனம், கோழி அப்படியல்ல. அதனால்தான் ‘இந்தச் சத்தத்துக்கு இந்த அர்த்தம்’ என்று ஒரு அட்டவணை போட்டுவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. அட்டவணை பொய் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பிக் கொட்டகைக்குள் போனால், மிக முக்கியமான இடத்தில் அது கைவிட்டுவிடும்.

அட்டவணை நன்றாகப் பொருந்தும் இடத்திலிருந்தே தொடங்கலாம். அது ஆபத்துக் குரல். வானத்தில் பருந்தைக் கண்ட சேவல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும். உடம்பு தாழும், இறகுகள் ஒட்டிக்கொள்ளும். மெல்லியதாய், நீட்டாய், சீழ்க்கை மாதிரி ஒரு ‘ஈஈர்’ வரும். அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கேட்பவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஒடுங்கிய அதிர்வெண்ணில், கூர்மையான தொடக்கம் இல்லாமல் வரும் ஒலியின் இயல்பு அது. பருந்துக்கும் அதே சிரமம்தான், சேவலுக்கு அதுதான் லாபம். நாயோ கீரியோ தரையில் வந்தால் கதை வேறு. கழுத்தை நிமிர்த்தி, வெட்டு வெட்டாக ‘கொக்-கொக்-கொக்-கொக்கே’ என்று ஊருக்கே கேட்கும்படி கத்தும். தான் இருக்கும் இடத்தை மறைக்கும் எண்ணமே அதில் இருக்காது. வந்திருப்பவனுக்கு ‘உன்னைப் பார்த்துவிட்டேன்’ என்று தெரிவிப்பதும் ஒரு தற்காப்புதான். 1993-ல் கிறிஸ்டோபர் எவன்ஸும் பீட்டர் மார்லரும் குழுவினரும் இந்த இரண்டு குரல்களையும் பதிவுசெய்து, எந்த எதிரியும் இல்லாத இடத்தில் பெட்டைகளுக்குப் போட்டுக்காட்டினார்கள். மேல் ஆபத்துக் குரலுக்குப் பெட்டைகள் மறைவிடம் தேடி ஓடின, பதுங்கின, வானத்தைப் பார்த்தன. தரை ஆபத்துக் குரலுக்கு நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தன. எதிரியைக் காணாமலேயே எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பது குரலிலிருந்தே அவற்றுக்குப் புரிந்தது.

இவ்வளவு தெளிவான குரலும் சூழ்நிலையைப் பார்த்துத்தான் வெளிப்படுகிறது. தனியே நிற்கும் சேவலைவிடப் பக்கத்தில் துணை இருக்கும் சேவல்தான் பருந்துக்காக அதிகம் குரல் கொடுக்கும். செடி மறைவில் நிற்கும் சேவலின் எச்சரிக்கை, திறந்தவெளியில் நிற்பதன் எச்சரிக்கையைவிட நீளும் என்பதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஆகவே வளர்ப்பவர் செய்ய வேண்டியது எளிது: சத்தம் கேட்டதும் சத்தத்தை ஆராயாமல் கோழியின் கண்ணைப் பாருங்கள். சாய்ந்த தலை, மேல்நோக்கிய ஒரு கண் என்றால் வானத்தைத் தேடுங்கள். நிமிர்ந்த கழுத்து ஒரே திசையைப் பார்த்து நின்றால் அந்தத் திசையில் புதரையும் வேலியடியையும் பாருங்கள். பாம்பு இருக்கும் இடத்தைக் கோழிகள் அரைவட்டமாக நின்று காட்டிக்கொடுப்பது உண்டு.

சேவலின் இன்னொரு குரல், இரை கண்டால் வருவது. தாழ்ந்த தொனியில் வேகமாக ‘க்கொ க்கொ க்கொ’ என்று துடிப்பாக வரும். கூடவே தலை மேலும் கீழும் ஆடும், புழுவை எடுத்துக் கீழே போட்டு மறுபடி எடுக்கும். பெட்டை வந்ததும் அதையே தின்னவிடும். ஆனால் தின்ன எதுவும் இல்லாதபோதும், வெறும் குச்சியையோ உமியையோ கொத்திக்கொண்டு இதே குரலைச் சேவல் எழுப்பும், பெட்டை தூரத்தில் இருக்கும்போது இது கூடுதல். பெட்டைகளும் சும்மா ஏமாறுவதில்லை. அந்த இடத்தில் இரை இருப்பதைச் சற்று முன்னரே பார்த்துத் தின்றுவிட்ட பெட்டை, அதே குரலுக்குப் பெரிதாக அசைவதில்லை. புதிய செய்தி இருந்தால்தான் அதற்கு அந்தக் குரல் உதவும். ஒரே ஒலி, கேட்பவருக்கு முன்பே என்ன தெரியும் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. கோழியே அட்டவணை பார்த்துக் கேட்பதில்லை என்றால் நாம் ஏன் அப்படிக் கேட்க வேண்டும்?

கேறல்

பலரும் தவறிப்போகிற இடம் இதுதான். ‘கோழி கேறுது’ என்றால் முட்டை வைக்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒரு நீண்ட முனகல், ‘க்கோஓஓஓ’ என்று இழுத்து, பிறகு சில குட்டைத் துண்டுகள். பெட்டை நடந்துகொண்டே கேறும். மூலையைப் பார்க்கும், முட்டைப் பெட்டிக்குள் தலையை விட்டு வெளியே எடுக்கும், அடுத்த பெட்டிக்குப் போகும், திரும்ப வரும். முட்டையிடுவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம் இப்படிப் போகும். இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டையான வெடைக்கோழி முதல்முறை கேறும்போது வளர்ப்பவருக்கு வரும் சந்தோஷம் நியாயமானது. அந்தச் சந்தோஷத்தில்தான் காது மழுங்குகிறது.

நெதர்லாந்தில் ஸிம்மர்மனும் கூனேயும் 1998-லும் 2000-லும் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கேறலைப் பற்றியவை. தீவனம் கிடைக்கும் என்று பழக்கப்படுத்தப்பட்ட பசித்த பெட்டைகளுக்கு, எதிர்பார்த்த நேரத்தில் தீவனம் கிடைக்காதபோது என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அவை கேறின. முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீருக்குப் போகும் வழியை அடைத்தாலும், முட்டையிடும் இடத்தை மறித்தாலும் அதே குரல் எழுந்தது. ‘முட்டை வருகிறது’ என்பது அந்தச் சத்தத்தின் பொருள் இல்லை. ‘எனக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்கவில்லை’ என்பதுதான் அதன் அடி. முட்டையிடப் போகும் பெட்டை கேறுவதும் அதனால்தான். மனதுக்குப் பிடித்த, இருட்டான, ஒதுக்கான இடம் இன்னும் அமையவில்லை. விருப்பப்பட்ட இடம் உடனே கிடைத்த பெட்டை கொஞ்சமாகக் கேறிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு கொட்டகைச் சத்தம் முழுவதும் வேறு மாதிரி கேட்கும். மங்கலச் சத்தம் என்று நினைத்தது, முறையீடாகவும் இருக்கலாம்.

அப்படியானால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? முதலில் தலைகளை எண்ணுங்கள். ஒரு கோழி மட்டும் கேறி, முட்டைப் பெட்டிப் பக்கமே சுற்றினால் முட்டைதான். நான்கைந்து கோழிகள் ஒரே நேரத்தில் கேறினால் முட்டையை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய்க்காம்பு (நிப்பிள்) வைத்த அமைப்பில் ஒவ்வொரு காம்பையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. குழாய்க்குள் காற்று அடைத்தாலோ காம்பில் உப்புப் படிந்தாலோ தொட்டி நிரம்பித் தளும்பும், கோழிக்கு ஒரு சொட்டும் வராது. முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 200-லிருந்து 250 மில்லி வரை குடிக்கும், கடும் வெயிலில் இது இரட்டிப்பாகலாம். அரைநாள் தண்ணீர் இல்லாமல் போனால் முட்டை எண்ணிக்கை விழுவது பின்னால் வரும் நாட்களில்தான் தெரியும். கேறல் அன்றைக்கே சொல்லிவிடுகிறது.

அடுத்தது நேரம். ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் இடையே 24-லிருந்து 26 மணி நேரம் ஆகும். ஆகவே இன்று காலை எட்டரைக்கு இட்ட கோழி நாளை ஒன்பது ஒன்பதரைக்கு, அடுத்த நாள் இன்னும் தாமதமாக என்று தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி காலையில் தொடங்கும். பொழுது சாயும் நேரத்தில் எழும் கேறல் முட்டைக்கானதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அடைவதற்கு இடமில்லாமலோ, பெரிய கோழி விரட்டுவதாலோ, கதவு சாத்தியிருப்பதாலோ கேறும். முட்டைப் பெட்டிகள் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். நான்கைந்து கோழிக்கு ஒன்று, ஓரடிக்குக் குறையாத நீள அகலம், வெளிச்சம் நேரே விழாத மூலை என்பது நடைமுறைக் கணக்கு. எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாப் பெட்டைகளும் ஒரே பெட்டிக்கு அடம்பிடிக்கும். அந்தப் பெட்டிக்குள் அடைக்கோழி ஒன்று குந்தியிருந்தால் வரிசையில் நிற்பவை கேறிக்கொண்டே இருக்கும். அடைக்கோழியை எடுத்து வேறிடத்தில் வைப்பதுதான் வழி. கிட்டே போனால் அது உப்பி, உறுமி, கையைக் கொத்தும். அந்த உறுமலில் சந்தேகமே வேண்டாம், அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கேறிக்கொண்டே இருந்த பெட்டை முட்டையிடாமல், மதியத்துக்கு மேல் சத்தம் குறைந்து, வாலைத் தொங்கவிட்டு, முக்கி முக்கி நின்றால் முட்டை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் நின்றதால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டிய நிலை அது.

முட்டையிட்ட பின் வரும் கொக்கரிப்பு வேறு. இதில் நீண்ட சுரம் கடைசியில் வரும்: ‘கொக் கொக் கொக் கொக்கேஏ’. கேறலில் நீட்டல் முதலில், கொக்கரிப்பில் நீட்டல் முடிவில் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிசகாது. ஆனால் முன்னே சொன்ன தரை ஆபத்துக் குரலும் இதே மாதிரிதான் இருக்கும். கொட்டகைக்கு வெளியே இருந்து கேட்பவரால் இரண்டையும் பிரிப்பது கடினம். முட்டைக் கொக்கரிப்பில் பெட்டை நடமாடிக்கொண்டே கத்தும், மற்றவை மேய்ந்துகொண்டிருக்கும், சில நிமிடங்களில் தானாக அடங்கும். ஆபத்துக் குரலில் மேய்ச்சல் நின்றுபோகும். மற்ற கோழிகளின் தலை தரையில் இருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பதை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்குப் பெரிய தெம்பைத் தந்தது. தீவனம் போன்ற பரிசு கிடைக்கப்போகும் கோழியின் குரலையும், கிடைக்காத கோழியின் குரலையும் 194 பேருக்குப் போட்டுக்காட்டினார்கள். 69 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள், கோழி வளர்த்த அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. கோழி நன்றாயிருக்கிறதா, தவிக்கிறதா என்று கேட்டு அறியும் காது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. எதற்காகத் தவிக்கிறது என்பதற்குத்தான் கண்ணும் கடிகாரமும் வேண்டும்.

ஓட்டுக்குள்ளிருந்து

குஞ்சுகளின் சத்தம் இன்னும் நேரடியானது. காலியாசும் ஜூஸும் 1953-லேயே கண்டது இது: தவிக்கும் குஞ்சின் ‘கீச்’ மேலிருந்து கீழே சரியும், உரக்க, இடைவிடாமல் வரும். திருப்தியான குஞ்சின் கீச்சொலி கீழிருந்து மேலே ஏறும், மெல்லியது, துண்டு துண்டானது. தாய்க்கோழி குஞ்சின் தவிப்பைக் கண்ணால் அல்ல, காதால்தான் அறிகிறது. கண்ணாடி மூடிக்குள் தவிக்கும் குஞ்சைக் கண்ணெதிரே வைத்தாலும், சத்தம் கேட்காவிட்டால் தாய் பொருட்படுத்துவதில்லை என்று 1933-லேயே சோதித்திருக்கிறார்கள். சத்தம் மட்டும் கேட்டால், குஞ்சு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தேடி ஓடும்.

தாயில்லாமல் வளர்க்கும் குஞ்சுகளுக்கு அந்தக் காது நம்முடையதுதான். முதல் வாரம் 32-லிருந்து 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு போக வேண்டும். தெர்மாமீட்டர் குஞ்சின் முதுகு உயரத்தில், தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில் தொங்க வேண்டும். சுவரில் மாட்டியிருப்பது சொல்லும் எண் குஞ்சுக்கு உதவாது. விளக்கடியில் குவிந்து உரக்கக் கத்தினால் குளிர். விளக்கைவிட்டு ஓரத்துக்கு ஒதுங்கி, இறக்கை விரித்து, வாய் திறந்து, சத்தமே இல்லாமல் கிடந்தால் சூடு. அமைதி நல்லது என்று நினைக்கும் பழக்கம் இங்கேதான் குஞ்சுகளைக் கொல்கிறது. எல்லாம் நிம்மதியாய் இருக்க, ஒன்று மட்டும் கத்தினால் அதைத் தூக்கி ஆசனவாயைப் பாருங்கள், எச்சம் காய்ந்து அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும், பிய்த்து எடுக்கக் கூடாது. பிரிட்டனில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், பண்ணைக் குஞ்சுகளின் முதல் சில நாள் தவிப்புச் சத்தத்தின் அளவு, பின்னால் வரப்போகும் எடை வளர்ச்சியையும் இறப்பையும் முன்கூட்டியே காட்டியது.

இன்குபேட்டரில் 19, 20-ம் நாள் முட்டைக்குள்ளிருந்தே கீச்சொலி கேட்கும். உள்ளே காற்றறைச் சவ்வைக் கிழித்துக் குஞ்சு முதல் மூச்சை இழுத்துவிட்டது என்று அர்த்தம். ‘காப்பாற்று’ என்று கெஞ்சுவதாக நினைத்து மூடியைத் திறப்பவர்கள் அதிகம். திறந்தால் ஈரப்பதம் வெளியேறும், சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு உண்மையிலேயே வெளிவர முடியாது. கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதம், முட்டை திருப்புவதை 18-ம் நாளோடு நிறுத்துவது, ஓட்டில் விரிசல் விழுந்த பிறகும் 24 மணி நேரம் வரை பொறுத்திருப்பது. அந்தக் கீச்சொலிக்குச் சரியான மறுமொழி இதுதான். அடைக்கோழி அந்த நேரத்தில் தாழ்குரலில் ‘க்ளக் க்ளக்’ என்று பதில் கொடுக்கும், எழுந்து ஓடாது.

சேவல் கூவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘கோழி கூவியா பொழுது விடியும்’ என்பது சரிதான், ஆனால் பொழுது விடிந்து கோழி கூவுவதும் இல்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-ல் ஷிம்முராவும் யோஷிமுராவும், மங்கலான வெளிச்சத்திலேயே தொடர்ந்து வைத்திருந்த சேவல்களும் உள்கடிகாரப்படி கூவுவதைக் காட்டினார்கள். 2015-ல், கூட்டத்தில் முதல்நிலைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும் என்பதும் தெரிந்தது. சத்தத்தைக் குறைக்கக் கழுத்தில் பட்டை கட்டுகிறார்கள். மூச்சுக்குழலை நெருக்கும் எதையும் ஒரு பறவையின் கழுத்தில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரவில் வெளிச்சம் புகாமல் இருட்டாக்கி, காலையில் தாமதமாகத் திறந்துவிடுவது கொஞ்சம் உதவும்.

இருட்டில் நின்று கேட்பது

பகலில் எத்தனை கேட்டாலும் ஒரு சத்தம் மட்டும் தப்பிவிடும். அதை இரவில்தான் பிடிக்க முடியும். கோழிகள் அடைந்ததும் கொஞ்ச நேரம் மெல்லிய முணுமுணுப்பு இருக்கும், இடத்துக்காகச் சின்னச் சின்னச் சண்டைகள் நடக்கும், பிறகு அடங்கும். அடங்கி ஒரு மணி நேரம் கழித்து, விளக்கைப் போடாமல் உள்ளே போய் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஆரோக்கியமான கூட்டம் தூங்கும்போது ஏறக்குறைய நிசப்தம். அதில் ஒரு ‘கறகற’, தண்ணீர் கொப்பளிப்பது போல மூச்சு, வெட்டென்ற தும்மல், சீழ்க்கையடிக்கும் மூச்சு எதுவாக இருந்தாலும் தெளிவாகக் கேட்கும். கேட்டதும் டார்ச் அடித்தால் எல்லாம் விழித்து எது என்று தெரியாமல் போய்விடும். கோழிகள் அடைந்திருக்கும் கம்புகளில் எந்தக் கம்பின் எந்த முனையிலிருந்து சத்தம் வருகிறது என்று மட்டும் இருட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

நோய் என்று முடிவுகட்டும் முன் தரைமட்டத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் கோழியின் மூச்சுக்குழல் பல நாளாக அதில்தான் இருக்கிறது. நின்றபடி முகர்ந்தால் தெரியாது. ஈரமான கூளத்தை அள்ளி, மேல்காற்றுப் போக வழி செய்த பிறகும் இரண்டு மூன்று இரவுகளாகத் தும்மல் தொடர்ந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கறகறப்புடன் முகம் வீங்கினாலோ, கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சிழுத்தாலோ, இருமலில் ரத்தம் தெறித்தாலோ இரண்டு இரவு காத்திருக்கக் கூடாது. வெயிலில் வாய் திறந்து இரைப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த இரைப்பில் கழுத்து நீளாது, கறகறப்பு இருக்காது, நிழலுக்கு வந்தால் குறையும்.

மறுநாள் விடியும் முன், கோழிகள் கம்பிலிருந்து இறங்குவதற்குள் போய், குறித்துவைத்த முனையில் இருப்பதைத் தூக்கி, மார்பைக் காதோடு சேர்த்து வைத்து ஒரு முறை கேளுங்கள். கறகறப்பு கேட்டால் அதைத் தனிக் கூண்டில் விட்டு, கையைக் கழுவி, செருப்பை மாற்றிக்கொண்டு, பிறகு மற்றவற்றுக்குத் தண்ணீர் வையுங்கள். மருத்துவர் வரும்போது சொல்வதற்கு எந்த இரவு முதலில் கேட்டது, அன்றைக்கு எத்தனை கோழி, இன்றைக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.